நெல்லைச் சீமையில் மானிடவியல்: முதுகலைச் சேர்க்கை முதல் ஆய்வேடு வரை

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து மாணவர்கள் மானிடவியல் படிக்க நினைத்தால் பட்டத்துக்கு வெளியூர் போக வேண்டியிருக்கும். ஆய்வுக்களத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஆற்றுப்பாசன ஊர்கள், தேரிக்காடு என்னும் செம்மணல் மேடுகள், பீடி சுற்றும் தெருக்கள், கடற்கரைக் குப்பங்கள், மலைமேல் காணிப் பழங்குடிக் குடியிருப்புகள் எல்லாம் ஒரு நாள் பஸ் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. படிப்பு விதிகளை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிட்டு, களப்பணிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். ஆய்வேடுகள் பெரும்பாலும் பழுதாவது அங்கேதான்.

எங்கே சேர்வது

தமிழ்நாட்டில் இந்தப் பாடத்துக்கு நெடுங்காலமாகத் தனித்துறை வைத்திருப்பது சென்னைப் பல்கலைக்கழகம். புதுச்சேரி, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் துறை உண்டு. அங்கே முதுகலைச் சேர்க்கை தேசியத் தேர்வு முகமை நடத்தும் க்யூட் பி.ஜி. தேர்வு வழியாக நடக்கிறது. மைசூர், திருப்பதி, கண்ணூர் பல்கலைக்கழகங்களையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட முடியாதவர்களுக்கு இக்னோவின் தொலைநிலை முதுகலை இருக்கிறது. எம்.ஏ. சேர்க்கைக்குப் பெரும்பாலும் எந்த இளநிலைப் பட்டமும் போதும். எம்.எஸ்சி. என்றால் அறிவியல் பட்டம் கேட்கும் இடங்களும் உண்டு. அந்த ஆண்டுக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பாடத்தில் நான்கு கிளைகள்: சமூக-பண்பாட்டு மானிடவியல், உடல்சார் மானிடவியல், தொல்லியல் சார்ந்தது, மொழி சார்ந்தது. தமிழோ வரலாறோ படித்துவிட்டு வருபவர்கள் முதல் பருவத்தில் தடுமாறுவது உடல்சார் பகுதியில். மரபியல் அடிப்படையும் எலும்புகளின் பெயர்களும் புதிதாக இருக்கும். சேர்வதற்கு முந்தைய விடுமுறையில் 12ஆம் வகுப்பு உயிரியல் பாடநூலில் மரபியல், பரிணாமம் ஆகிய இரண்டு பகுதிகளையும் படித்துவிட்டால் பாதிச் சுமை குறையும்.

ஊரை விட்டுப் போக முடியாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை இந்தச் சீமையின் வழிபாடு, கதைப்பாடல், கூத்து பற்றிப் பல ஆண்டுகளாகத் தரவு சேர்த்து வந்திருக்கிறது. அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சமூகவியல், தமிழ், வரலாற்றுத் துறைகளில் மானிடவியல் முறையில் ஆய்வு செய்ய இடமிருக்கிறது. ஆனால் ஒன்றை முன்கூட்டியே யோசியுங்கள். முனைவர் பட்டம் எந்தப் பாடத்தில் பதிவாகிறதோ அந்தப் பாடத்தில்தான் பின்னால் உதவிப் பேராசிரியர் வேலை கேட்பது எளிது. சமூகவியலில் பதிவு செய்துவிட்டு மானிடவியல் பணியிடத்துக்கு விண்ணப்பித்தால் தகுதிச் சரிபார்ப்பிலேயே நின்றுவிடக்கூடும். உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்கும் தகுதி தரும் நெட் தேர்வில் நாட்டுப்புற இலக்கியத்துக்குத் தனிப் பாடம் உண்டு. அந்த வழியில் போகிறவர்கள் அதை எழுதலாம்.

முனைவர் பட்ட விதிகள்

எம்.பில். நிறுத்தப்பட்டுவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2022ஆம் ஆண்டு விதிகளின்படி இரண்டாண்டு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 5 சதவீதத் தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலையில் 75 சதவீதம் பெற்றவரும் நேரடியாகச் சேரலாம். பாடப்பயிற்சியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அதற்குமேல் 2 ஆண்டுகள் தரலாம். மகப்பேறு விடுப்பு 240 நாள்வரை. ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே வழிகாட்டலாம். எனவே நெறியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது அவரிடம் காலியிடம் இருக்கிறதா என்பது. அடுத்து, ஓய்வு பெற அவருக்கு எத்தனை ஆண்டுகள் மிச்சம் என்பது. கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டால் நடுவழியில் நெறியாளரை மாற்ற வேண்டிவரும்.

நெட் தேர்வில் முதல் தாள் 50 கேள்வி 100 மதிப்பெண், இரண்டாம் தாள் 100 கேள்வி 200 மதிப்பெண், இரண்டுக்கும் சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆகவே ஒரு கேள்வியையும் விடாதீர்கள். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வரும். வீட்டு வாடகைப்படி தனி. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தனித் தேசிய உதவித்தொகைகள் உண்டு. அவற்றின் தகுதி விதிகளையும் பாருங்கள்.

தலைப்பைச் சுருக்குவது

‘திருநெல்வேலி மாவட்ட நாட்டார் தெய்வ வழிபாடு: ஓர் ஆய்வு’ போன்ற தலைப்பில் ஆய்வுக் கேள்வியே இல்லை. எந்தக் கோவிலுக்கும் எந்த நாளிலும் போகலாம், எதையும் எழுதலாம். கடைசியில் கோவில் பட்டியல் ஒன்று மிஞ்சும்.

நல்ல தலைப்பு ஓர் ஊரையோ, ஒரு தொழிலையோ, ஒரு சண்டையையோ பிடித்துக்கொண்டு தொடங்கும். ஓர் ஊர்ச் சுடலைமாடன் கோவில் திருவிழாவான கொடையில் வரி யாரிடம் வாங்கப்படுகிறது, யாரிடம் வாங்கப்படுவதில்லை? மும்பைக்குப் போய்விட்ட குடும்பங்கள் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்கு வந்து போவதால் ஊரில் நில உறவுகள் எப்படி நிலைத்திருக்கின்றன? பத்தமடையில் பாய் முடையும் வேலையை அடுத்த தலைமுறைப் பெண்கள் எந்தக் கணக்கில் எடுக்கிறார்கள் அல்லது விடுகிறார்கள்? ஒவ்வொன்றிலும் யாரைப் பார்க்க வேண்டும், எந்த மாதத்தில் பார்க்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று கேள்வியே சொல்லிவிடுகிறது. தலைப்பை இரண்டு வரியில் எழுதி, ‘இதற்கு விடை கிடைக்க நாளைக் காலையில் எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும்?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் இன்னும் சுருக்குங்கள்.

முன்பே எழுதியவை, பழைய கணக்குகள்

இந்தச் சீமை பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் எழுதிய திருநெல்வேலி வரலாறு 1881இல் வந்தது. பேட் தொகுத்த மாவட்ட கெசட்டியர் 1917. தர்ஸ்டனின் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகள் 1909. இவற்றைச் சான்றாக அப்படியே எடுத்துக்கொள்வது பெரும் பிழை. சமயப் பணியாளரும் ஆட்சியாளரும் தத்தம் தேவைக்காக எழுதியவை அவை. யார், யாரிடம் கேட்டு எழுதினார் என்று ஒவ்வொரு பத்திக்கும் கேளுங்கள். பிற்கால ஆய்வுகளில் ஸ்ரீவைகுண்டம் கோட்டைப் பிள்ளைமார் பெண்கள் குறித்த கமலா கணேஷின் நூல் (1993), வில்லுப்பாட்டு குறித்த ஸ்டூவர்ட் பிளாக்பர்னின் நூல் (1988), இம்மாவட்ட ஊர் ஒன்றின் தெய்வங்களையும் மரியாதைச் சண்டைகளையும் பற்றிய டயேன் மைன்ஸின் நூல் (2005) மூன்றையும் தவறாமல் படியுங்கள். தமிழில் நா. வானமாமலையும் அவர் நடத்திய ‘ஆராய்ச்சி’ இதழும் கட்டாயம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா இணையத்தளம் இருக்கிறது. உங்கள் தலைப்பில் ஏற்கெனவே பட்டம் வாங்கியிருக்கிறார்களா என்று முதல் வாரமே பாருங்கள்.

மக்கள்தொகைக் கணக்கைக் கையாளும்போது மாவட்ட எல்லையில் வழுக்கி விழாதவர்கள் குறைவு. தூத்துக்குடி 1986இல் பிரிந்தது, தென்காசி 2019இல். ஆகவே 1981ஆம் ஆண்டுக் கணக்கின் திருநெல்வேலியில் தூத்துக்குடியும் உண்டு, 2011ஆம் ஆண்டுக் கணக்கின் திருநெல்வேலியில் தென்காசியும் உண்டு. மாவட்ட மொத்தங்களை அடுத்தடுத்து வைத்து ‘குறைந்தது’, ‘கூடியது’ என்று எழுதினால் தேர்வாளர் முதல் வாசிப்பிலேயே பிடித்துவிடுவார். வட்ட அளவிலோ ஊர் அளவிலோ எடுத்து ஒப்பிடுங்கள். நிலத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடும் (நில உடைமை விவரம்) அடங்கலும் (பயிர் விவரம்) உதவும். கிறித்தவ ஊர்களில் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் கத்தோலிக்கப் பங்குக் குருவிடமோ சி.எஸ்.ஐ. சேகர குருவிடமோ கேட்டு அங்கேயே உட்கார்ந்து படித்துக் குறிப்பெடுக்கலாம்.

அனுமதிகள்

எல்லா ஆய்வுக்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். உடல் அளவைகள் எடுப்பதானாலோ, எச்சிலோ ரத்தமோ சேகரிப்பதானாலோ அது இல்லாமல் ஓர் அடியும் வைக்கக் கூடாது.

காணிக் குடியிருப்புகளுக்குப் போக நினைப்பவர்கள் ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். பாபநாசம், காரையாறு, சேர்வலாறு பக்கத்துக் குடியிருப்புகள் களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி ஆய்வுக்கான நுழைவு அனுமதியைத் தருபவர் தலைமை வன உயிரினக் காப்பாளர். துறைத் தலைவரின் கடிதம், ஆய்வுத் திட்டம், எத்தனை நாள், உடன் வருவோர் யார் என்ற விவரங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். காகிதம் கிடைத்தபின் குடியிருப்பு மக்களைக் கூட்டி அவர்கள் சம்மதத்தைத் தனியாகக் கேளுங்கள். வனத்துறையின் அனுமதி அவர்களுடைய சம்மதம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் பாதைகள் அடைபடும். அந்த மாதங்களை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

மூலிகை பற்றிய ஆய்வென்றால் கூடுதல் பொறுப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் கேரளப் பக்கத்தில் காணி மக்கள் காட்டிக்கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து வந்தது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதியை அவர்களுக்குத் தர ஏற்பாடானது. யார் சார்பில் யார் பணம் வாங்குவது என்ற கேள்வி அங்கே நெடுநாள் ஓயவில்லை. செடியின் பெயரையும் பயனையும் சேர்த்து ஆய்வேட்டில் அச்சிட்டுவிட்டால் திரும்பப் பெற முடியாது. எதை வெளியிடலாம் என்பதைச் சொன்னவர்களிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்று: மலையில் வாழும் காணிக்காரரும் மகுடம் அடித்துக் கூத்தாடும் கணியாரும் வெவ்வேறு சமூகத்தார். இருவரும் பழங்குடிப் பட்டியலில் இருப்பதால் குழப்பிக்கொள்வோர் உண்டு.

ஊருக்குள் போவது

எந்த மாதம் போவது? தை மாதம் என்பது எங்கள் பரிந்துரை. பிசான நெற்பயிர் வயலில் நிற்கும். மாசி, பங்குனியில் அறுவடையைப் பார்க்கலாம். பங்குனி உத்திரத்துக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிவார்கள். சித்திரையில் கொடைகள் தொடங்கும்போது நீங்கள் ஊருக்குப் பழகிய முகமாகியிருப்பீர்கள். கொடை நாளன்று காமிராவோடு வந்து இறங்குபவரை ஊர் யூடியூபர் கணக்கில்தான் சேர்க்கும். கடற்கரை ஊர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான விசைப்படகுத் தடைக்காலத்தை நினைவில் வையுங்கள். அப்போது விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள். தொழிலைப் பார்க்க வேண்டுமானால் வேறு மாதம் வேண்டும்.

அடுத்தது, எங்கே தங்குவது. இதை வசதி பார்த்து முடிவு செய்பவர்கள் ஆய்வின் பாதியை அன்றே இழந்துவிடுகிறார்கள். ‘எந்த ஊரு? ஊர்ல எந்தத் தெரு?’ என்ற இரண்டு கேள்வியில் இந்தச் சீமையில் ஒருவர் யாரென்று கணக்குப் போட்டுவிடுவார்கள். அதே கணக்கு உங்கள் மேலும் விழும். மேலத்தெருப் பெரியவர் வீட்டு மாடியில் குடியேறினால் கீழத்தெருவில் உங்களிடம் நல்ல வார்த்தை மட்டுமே சொல்வார்கள். காலனியில் தங்கினால் மேலத்தெருக் கதவுகள் மெல்ல மூடும். இரண்டு தெருக்களுக்கிடையிலான உறவே உங்கள் தலைப்பென்றால் இரண்டிலும் தங்காதீர்கள். பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் பக்கம் வெளியூர் ஆசிரியர்கள் வாடகைக்கு இருக்கும் வீடுகளைத் தேடுங்கள். ஒரே தெரு பற்றிய ஆய்வென்றால் அந்தத் தெருவிலேயே இருங்கள். எங்கே தங்கினீர்கள், யார் அறிமுகப்படுத்தினார், அதனால் யார் பேசினார், யார் பேச மறுத்தார் என்பதை முறையியல் இயலில் எழுத வேண்டும். அது இல்லாத இயலை நம்ப வாசகருக்குக் காரணம் இல்லை.

உங்கள் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்பார்கள். பொய் சொல்லக் கூடாது. என்றாவது ஒரு கல்யாண வீட்டில் அது வெளிப்படும், அன்றோடு ஆய்வு முடிந்துவிடும். சொந்தச் சாதிக்குள் ஆய்வு செய்பவருக்கு வேறு சிக்கல். ‘உனக்குத் தெரியாததா?’ என்று எதையும் விளக்காமல் விட்டுவிடுவார்கள். தெரிந்ததையும் சொல்லச் சொல்லிக் கேட்கப் பழக வேண்டும்.

எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றே பேசுங்கள். அறுபது வயதுக்காரரை இருபது வயதுக்காரர் ‘வா, போ’ என்று கூப்பிடும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அங்கே நீங்கள் அவரை ‘அண்ணாச்சி’ என்றோ ‘ஐயா’ என்றோ அழைப்பதை இரண்டு தரப்பும் கவனிக்கும். தண்ணீர் கொடுத்த எந்த வீட்டிலும் மறுக்காமல் வாங்கிக் குடியுங்கள். ஒரு வீட்டில் குடித்து அடுத்த வீட்டில் ‘இப்பதான் குடிச்சேன்’ என்று சொன்னால் அன்று சாயங்காலமே தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்க வேண்டாம். நடந்து நடந்து வரைபடம் போடுங்கள்: குளம், மடை, சாவடி, டீக்கடை, ரேஷன் கடை, ஒவ்வொரு கோவில், இடுகாடு, சுடுகாடு. யார் எந்தப் பாதையில் போவதில்லை என்பதையும் குறியுங்கள்.

வீட்டுக் கணக்கும் வம்சாவளியும்

60 முதல் 120 வீடுகள் வரை ஒருவரால் முழுமையாகக் கணக்கெடுக்க முடியும். அதற்கு மேல் போனால் பழக்கம் மேலோட்டமாகிவிடும். வாக்காளர் பட்டியலை வைத்து வீடுகளை எண்ணாதீர்கள். வெளியூர் போனவர்கள் அதில் இருப்பார்கள், வாடகைக்கு வந்தவர்கள் இருக்கமாட்டார்கள். கொடைக் கமிட்டியின் வரி நோட்டு கிடைத்தால் அதைவிட மதிப்புள்ள ஆவணம் ஊரில் இல்லை. யார் தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்), யார் எந்த ஊரிலிருந்து பணம் அனுப்புகிறார், எந்த ஆண்டில் யார் விலகினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கணவனை இழந்த பெண் நடத்தும் வீட்டுக்கு முழு வரியா, அரை வரியா, வரியே இல்லையா என்பதைத் தனியாகக் கேட்டுக் குறியுங்கள்.

வம்சாவளி எடுக்கும்போது ஆண்கள் பெரும்பாலும் கட்டிக்கொடுத்த சகோதரிகளையும் சிறுவயதில் இறந்த குழந்தைகளையும் விட்டுவிடுவார்கள். ஆச்சிகளிடம் கேளுங்கள். ‘செத்ததையும் சேத்து, கூடப் பொறந்தவங்க எத்தன பேரு?’ என்று தொடங்கி, மூத்தவரிலிருந்து வரிசையாகப் போங்கள். வயது தெரியாவிட்டால் நிகழ்ச்சியோடு பொருத்துங்கள்: 1992 நவம்பர் தாமிரபரணி வெள்ளத்தின்போது பள்ளிக்கூடம் போனீர்களா, கல்யாணம் ஆகியிருந்ததா? 2023 டிசம்பர் வெள்ளமும் இனி இப்படியே பயன்படும்.

‘சொந்தத்தில் கல்யாணம்’ என்று ஒரே கட்டத்தில் போடாதீர்கள். தாய்மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள், முறைப்படி மாமன் மகளானாலும் தூரத்து உறவு, உறவே இல்லை என்று ஐந்தாகப் பிரித்தால்தான் கணக்கு பேசும். படிவத்தில் ‘தந்தையின் கிளை’ என்று அச்சடித்துக்கொண்டு போவதும் ஆபத்து. கொண்டையங்கோட்டை மறவரிடம் கிளை என்ற குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. அப்படிவத்தை நிரப்பினால் மொத்தத் தரவும் தலைகீழாகிவிடும். உறவுச் சொற்களில் கூப்பிடும் சொல், பிறரிடம் குறிப்பிடும் சொல் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள்.

பீடி சுற்றும் பெண்களிடம் பேசுகிறவர்கள் அவர்கள் கையை நிறுத்தச் சொல்லக் கூடாது. கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. ஒரு மணி நேரம் நிறுத்தினால் அது அவர்கள் பணம். முறத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சுற்றச் சுற்றக் கேளுங்கள். பீடியைக் கொடுக்கப் போகும்போது கூடவே போனால் கழிவென்று பீடியைத் தள்ளுவது, இலை எடை குறைவது பற்றிய பேச்சைக் கேள்வியே கேட்காமல் கேட்கலாம்.

கொடையைப் பதிவு செய்வது

பல கோவில்களில் விழாத் தொடக்கமாகக் கால் நடும் கால்நாட்டு எட்டு நாள் முன்னதாக நடக்கும். பிறகு குடியழைப்பு, செவ்வாயன்று பகலில் மதியக்கொடை, நள்ளிரவில் சாமக்கொடை. ஆராய்ச்சியாளர்கள் சாமக்கொடைக்கு மட்டும் வந்து நிற்பார்கள். சண்டையும் சமரசமும் கால்நாட்டுக்கு முந்தைய கமிட்டிக் கூட்டத்தில் முடிந்திருக்கும். அங்கே உட்கார அனுமதி வாங்குவதுதான் முக்கியம்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி பிடிக்கும். எட்டு மணி நேர இரவுக்கு 32 ஜிபி அட்டை தாராளம். ஆனாலும் இரண்டு வையுங்கள், மாற்று பேட்டரியும் வேண்டும். மேளமும் உறுமியும் ஒலிபெருக்கிக் குழாயும் சேர்ந்தால் ஒலி உடைந்துபோகும். உடைந்த ஒலியைப் பின்னால் சரிசெய்ய முடியாது. கருவியின் தானியங்கி ஒலியளவை அணைத்துவிட்டு, உச்சத்தில் -12 டெசிபலைத் தாண்டாதபடி கையால் அமையுங்கள். வில்லுப்பாட்டுக்கு ஒலிபெருக்கியை விட்டு விலகி, குழுவின் முன்னால் பக்கவாட்டில் உட்காருங்கள். கோமரத்தாடிக்கு (சாமியாடிக்கு) சாமி வரும்போது பிளாஷ் அடிக்கக் கூடாது. அந்த நேரத்தில் சொல்லும் குறி, வந்து கேட்பவருடைய சொந்த விஷயம். பதிவானாலும் அவரிடம் மறுநாள் கேட்காமல் பயன்படுத்தாதீர்கள்.

விழாவில் என்ன நடந்தது என்பதோடு நிற்காமல் வரிசையை எழுதுங்கள். திருநீறு முதலில் யாருக்கு, மாலை யாருக்கு, யார் எங்கே நின்றார், யார் வரவில்லை என்பவை முக்கியம். மரியாதையின் வரிசைதான் ஊரின் அதிகார வரிசை.

இரவுக் குறிப்பு

பகலில் சிறு நோட்டில் சொற்களாக மட்டும் குறித்துக்கொண்டு, அன்றிரவே விரித்து எழுதுங்கள். ஒரு மணி நேரக் கவனிப்புக்கு இரண்டு மணி நேர எழுத்து ஆகும். ஒருநாள் தள்ளினால் பேசியவரின் வாக்கியம் போய் உங்கள் வாக்கியம் உட்கார்ந்துவிடும். பார்த்தது, கேட்டது, நீங்கள் நினைத்தது மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

ஒலியை எழுத்தாக்க ஒரு மணிக்கு ஐந்து முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் எழுத்தாக்காமல், முதலில் நிமிட வாரியாகப் பொருளடக்கம் போட்டு, தேவையானதை மட்டும் முழுதாக எழுதுங்கள். ஈலான் என்ற இலவச மென்பொருள் ஒலியையும் எழுத்தையும் ஒட்டி வைக்கும். நெல்லைப் பேச்சைத் திருத்தி மேடைத்தமிழாக்க வேண்டாம். ‘வந்துட்டு’, ‘சொல்லுதாவ’ என்று ஒலித்தபடியே எழுதுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தவற்றைப் பின்னால் தேடவே முடியாது. கோப்புப் பெயரைத் தேதியில் தொடங்கி, மூன்று படிகள் வைத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். வெள்ளம் வரும் சீமை இது.

ஆய்வேடு

களப்பணி முடிந்து ஒரு மாதத்துக்குள் ஏதாவது ஓர் இயலை எழுதத் தொடங்குங்கள். அறிமுக இயலைக் கடைசிக்கு விடுங்கள். கருத்துத்திருட்டுச் சோதனையில் 10 சதவீதம்வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை போனால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்கள் மதிப்பிடுவார்கள்.

பெயர் மறைப்பதில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதாது. ‘பாளையங்கால்வாய்க் கரையில், இன்ன சாஸ்தா கோவிலுக்குக் கிழக்கே’ என்று எழுதிவிட்டால் தாலுகாவில் எல்லோருக்கும் ஊர் தெரிந்துவிடும். கால்வாய், கோவில், தெருக்களின் எண்ணிக்கை ஆகியவற்றில் எதை மாற்றுவது, எதைச் சொல்லாமல் விடுவது என்று பட்டியல் போடுங்கள். சாதிக் கலவரமோ வழக்கோ நடந்த ஊரென்றால் ஒருவர் சொன்னதை இரண்டு புனைபெயர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதும் ஏற்கத்தக்கதே. அதை முறையியலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ஆய்வேடு சோத்கங்காவில் ஏறியதும் அந்த ஊர்ப் பிள்ளைகளே செல்போனில் படிப்பார்கள்.

பதிவுகளின் படிகளை ஊருக்குக் கொடுப்பதைச் சமர்ப்பிப்புக்கு முன்பே முடியுங்கள். வில்லுப்பாட்டுக் குழுவுக்கும் கணியான் கூத்துக் குழுவுக்கும் அவர்கள் நிகழ்ச்சியை எம்பி3 ஆக்கிப் பென்டிரைவில் கொடுங்கள். வேவ் கோப்பு செல்போனில் சுமையாக இருக்கும். வம்சாவளி வரைபடத்தை ஏ3 தாளில் அச்செடுத்து அந்தந்தக் குடும்பத்துக்குக் கொடுங்கள். அதைப் பார்த்து ‘இவள விட்டுட்டியே’ என்று திருத்தம் சொல்வார்கள். அந்தத் திருத்தங்களைச் சேர்த்துவிட்டு ஆய்வேட்டை பைண்டிங்குக்கு அனுப்புங்கள்.